மருமகள் கருவைக் கலைத்துவிட்டாள், கேட்டுவிடட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 70. ஈசூனில் மகன், மருமகளுடன் இருக்கிறேன். பேரன்கள் இரண்டு பேர். மூத்தவன் தொடக்கநிலை மூன்று, சின்னவன் பாலர் பள்ளி. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது நான்தான். போன மாதம் சின்னவனுக்கு ஊசி போட வேண்டும் என்று அவன் சுகாதாரப் புத்தகத்தைத் தேடினேன். மருமகள் ஃபைலுக்குள் ஒரு கிளினிக் ரசீது இருந்தது. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. பக்கத்து வீட்டுப் பெண் தாதியாக இருக்கிறாள், அவளிடம் காட்டினேன். கருக்கலைப்பு என்றாள். தேதியைப் பார்த்தால், வயிறு சரியில்லை என்று மருமகள் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துப் படுத்திருந்த சமயம். நான்தான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மகனுக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை.

பெரியவர்களையோ புருஷனையோ கேட்காமல் இப்படிச் செய்ய அரசாங்கம் எப்படி விடுகிறது? ஓர் உயிரை எடுப்பது கொலைதானே? கோயிலில் ஓர் அம்மா, கருவைச் சிதைத்த பாவத்துக்குப் பரிகாரமே கிடையாது, வம்சத்தைப் பிடிக்கும் என்கிறார். எனக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை ஒன்று வேண்டும் என்று ஆசை. ஆனால் 82ல் இரண்டாவது மகன் பிறந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள், அப்போது என்னை யார் கேட்டார்கள்? நான் ஏங்கினது இவளுக்குத் தானாக வந்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. நேராகக் கேட்டுவிடட்டுமா? மகனிடம் சொல்லட்டுமா?

- பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: வணக்கம் அம்மா. கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். மகனிடம் சொல்லாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் நீங்கள் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அம்மா ஃபைலைக் குடைந்தார் என்ற வருத்தம்தான் மிஞ்சும். தெரியாது என்றால், கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேச வேண்டியதை நீங்கள் நடுவில் போட்டு உடைத்தவர் ஆவீர்கள். அதன்பிறகு அந்த வீட்டில் உங்கள் மூவருக்குமே நிம்மதி இருக்காது.

அரசாங்கம் எப்படி விடுகிறது என்று கேட்டீர்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி கர்ப்பிணி எழுத்தில் தரும் சம்மதம் போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை. மாமியார், மாமனார் பேச்சு சட்டத்தில் எங்குமே வராது. 24 வாரம் வரை அனுமதி உண்டு. அதற்குமேல் என்றால் தாயின் உயிரைக் காக்கவோ, அவள் உடலுக்கோ மனத்துக்கோ தீராத பெருங்கேடு வராமல் தடுக்கவோ மட்டும்தான். அதற்காக, நினைத்தவுடன் போய்ச் செய்துகொண்டு வருகிற காரியமும் இல்லை. முதலில் ஆலோசனைக்கு உட்கார வேண்டும், அது முடிந்து குறைந்தது 48 மணி நேரம் கழிய வேண்டும், அதற்குப் பிறகும் அவள் வேண்டும் என்றால்தான் மருத்துவர் செய்வார். 2015லிருந்து இது எல்லாப் பெண்களுக்கும் கட்டாயம். கருவைக் கலைக்கச் சொல்லி யாராவது ஒரு பெண்ணை மிரட்டிச் செய்ய வைத்தால் அது குற்றம். 3,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். சிகிச்சை தந்தவர்களும் ஆலோசனை சொன்னவர்களும் அவள் அனுமதி இல்லாமல் வெளியே வாய் திறக்கக் கூடாது. ஆகவே விவரம் கேட்டு அந்த கிளினிக்கிற்குப் போன் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மருத்துவமனைச் சமூக ஊழியராக அந்த ஆலோசனை அறையில் நான் பல காலம் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இருப்பவர்கள் நினைக்கிற மாதிரிப் பெண்கள் அங்கு வருவதில்லை. ஊர் சுற்றி மாட்டிக்கொண்ட சின்னப் பெண்கள்தான் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டியோடு இருக்கிறவர்கள் நிறைய. ஒரு பெண் ஆபீஸ் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்தார். ஸ்கேன் படம் இருந்த உறையை அவர் பிரிக்கவே இல்லை. அதன் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: பாலர் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன், சம்பளமில்லா விடுப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று. கணக்கின் கடைசி வரி பணம் பற்றியது இல்லை. "எங்க அத்தைக்கு முட்டி வலி. இன்னொன்றையும் அவங்க தலையில கட்டினா படுத்துடுவாங்க" என்றார். உங்கள் மருமகளும் அப்படித்தான் நினைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் என்ன நினைத்தார் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று நீங்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கலாம், அதைத்தான் சொல்கிறேன்.

சரி, கொலையா என்ற கேள்விக்கு வருவோம். இதில் மழுப்ப விரும்பவில்லை.

கரு உருவான கணத்திலிருந்தே அது முழு மனித உயிர், அதைத் தொடக்கூடாது என்பது கத்தோலிக்க சபையின் நிலை. இஸ்லாமிய அறிஞர்கள் பலர் 120 நாளில் ரூஹு (ஆன்மா) ஊதப்படுகிறது என்ற நபிமொழியை வைத்துப் பேசுவார்கள். அதற்கு முன்பு எந்த அளவுக்கு அனுமதி என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இந்து தர்ம நூல்கள் கருவை அழிப்பதைப் பெரும் பாவங்களில் ஒன்றாகச் சொல்கின்றன. ஆனால் சுசுருதரின் வைத்திய நூல், பிரசவம் சிக்கிக்கொண்டால் தாயைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்றும் விவரிக்கிறது. நம் புளோக்கில் ஒரே மாடியில் இந்த நம்பிக்கைகள் எல்லாம் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. 1969ல் கருக்கலைப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆளும் கட்சியே கொறடா உத்தரவைத் தளர்த்தி, உறுப்பினர்கள் அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று விட்டுவிட்டது. நம் நாடாளுமன்றத்தில் அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. அவர்களுக்கே அன்று ஒரு குரலில் சொல்ல முடியாத ஒன்றை, நீங்களும் நானும் ஒரு கடிதத்தில் தீர்த்துவிட முடியாது.

என் கருத்தைக் கேட்டால் சொல்கிறேன். கரு என்பது வெறும் சதைத் துண்டு, பல் பிடுங்குவது போல எடுத்துப் போடலாம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அறைக்கு வருகிற பெண்களிலும் அப்படி நினைத்து வந்தவர்களைப் பார்த்த நினைவில்லை. அதே சமயம், இரண்டு மாதக் கருவும் பாலர் பள்ளிக்குப் போகிற உங்கள் பேரனும் ஒன்று என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் வழக்கத்திலேயே அந்த வித்தியாசம் இருக்கிறது. இரண்டு மாதத்தில் கரு தானாகக் கலைந்துபோனால் வீட்டில் அழுகிறோம், அந்தப் பெண்ணுக்குப் பத்தியம் பார்க்கிறோம், ஆனால் பெயர் சொல்லிக் காரியம் செய்வதில்லை, பதினாறாம் நாள் வைப்பதில்லை. வளைகாப்பைக்கூட ஏழாம் மாதம் வரை யாரும் பேசமாட்டார்கள். வழக்கம் இப்படி இருக்கிறது என்பது வாதத்துக்குப் போதாது என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். ஆனாலும் கொலை என்ற சொல்லை நாமே அந்த இடத்தில் வைத்ததில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இது பாவம் என்றே நீங்கள் நம்பலாம். அந்த நம்பிக்கையை விடச் சொல்ல நான் யார்? எனக்கு உறுதியாகத் தெரிந்தது இன்னொன்று: அந்த முடிவை எடுக்க வேண்டியவர் சுமக்கிற பெண்தான். இதை உங்களுக்குப் புரியவைக்க நான் வேறு யார் கதையையும் தேட வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அப்போது என்னை யார் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு நடந்ததை இளையவர்கள் நம்பவே மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து கேகே ஆஸ்பத்திரியில் 1966ல் மட்டும் 39,000க்கு மேல் குழந்தைகள் பிறந்தன. உலகச் சாதனைப் புத்தகத்தில் ஏறுகிற அளவு. மக்கள்தொகையைக் குறைக்காவிட்டால் நாடு தாங்காது என்று அரசாங்கம் பயந்தது. 1970ல் கருக்கலைப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது, கருத்தடை ஆபரேஷனுக்கும் தனிச் சட்டம் வந்தது. 1974ல் கருக்கலைப்பு இன்னும் தளர்ந்தது. இரண்டோடு நிறுத்துங்கள் என்று சுவரெல்லாம் சுவரொட்டி. மூன்றாவது பிள்ளை என்றால் பிரசவக் கட்டணம் ஏறும், சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடையாது. ஆபரேஷன் செய்துகொண்டால் பள்ளிச் சேர்க்கையில் பிள்ளைக்கு முன்னுரிமை. 1984ல் இன்னும் ஒரு படி மேலே போய், அதிகம் படிக்காத, வருமானம் குறைந்த இளந்தாய்மார்கள் ஒன்றிரண்டு பிள்ளையோடு ஆபரேஷன் செய்துகொண்டால் 10,000 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். படித்த பெண்களை மட்டும் நிறையப் பெறச் சொன்னதும் அந்தச் சமயத்தில்தான். 1985ல் சிங்கப்பூரில் 23,000க்கு மேல் கருக்கலைப்புகள் நடந்தன. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளே 42,000 சொச்சம்தான். இன்று கருக்கலைப்பு எண்ணிக்கை எவ்வளவோ இறங்கிவிட்டது.

பிறகு 1987ல் காற்று திசை மாறியது. வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேலும் பெறுங்கள் என்றார்கள். கருக்கலைப்புக்கு முன் ஆலோசனை கட்டாயம் என்று முதன்முதலில் வந்ததும் அதே ஆண்டுதான். அதிலும் மூன்று பிள்ளை இருப்பவர்களுக்கும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு தேறாதவர்களுக்கும் அது வேண்டியதில்லை என்று வைத்திருந்தார்கள். யார் பெற வேண்டும், யார் பெறாவிட்டால் பரவாயில்லை என்று மேலே ஒரு கணக்கு ஓடியது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் அதை உடம்பில் வாங்கியவர்.

ஆக, உங்களுக்கு ஒரு மகள் பிறந்திருக்கலாம். தாதி சொன்னார், டாக்டர் சொன்னார், வீட்டில் ஆண்கள் தலையாட்டினார்கள், உங்கள் ஆசையை யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் நாற்பது வருஷத்துக்கு மேலாக உங்களிடம் பேசப்படாமல் கிடக்கிறது. மருமகள் மேல் வருகிற கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். பெற வேண்டும் என்று இருந்தவளைப் பெறவிடாமல் தடுத்தது தப்பு என்றால், பெற முடியாது என்று முடிவெடுத்தவளைப் பெற்றே ஆக வேண்டும் என்று பிடித்துவைப்பதும் அதே தப்பு. இரண்டிலும் அவளைத் தவிர மற்ற எல்லாரும் பேசுகிறார்கள்.

பரிகாரம் பற்றி. கோயிலில் அந்த அம்மா சொன்னது நம் பழைய தமிழுக்கே ஒத்துவராத பேச்சு. புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் பாடிய 34ஆம் பாட்டைப் பாருங்கள். பசுவின் மடியை அறுத்தவர்களுக்கும், பெண்களின் கருவைச் சிதைத்தவர்களுக்கும்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்களுக்கு மட்டும்தான் உய்வில்லை என்கிறது. கருச்சிதைவைப் பெருங்கொடுமைகளோடு சேர்த்துத்தான் அந்தப் பாட்டு வைக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985ல் அந்த 23,000 முறையும் கிளினிக் படி ஏறிய பெண்கள் இன்று கிட்டத்தட்ட உங்கள் வயதுக்காரர்கள். அந்த அம்மா பரிகாரமே கிடையாது என்று அடித்துச் சொன்னபோது, அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு முகம் வெளுத்ததோ.

உங்கள் மன ஆறுதலுக்கு விளக்குப் போட வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். அதை உங்கள் பேரில் செய்யுங்கள். மருமகளை இழுத்துக்கொண்டு போய் ஐயர் முன்னால் நிறுத்தாதீர்கள். வம்சத்தைப் பிடிக்கும் என்ற பேச்சு அந்தப் பிள்ளைகள் காதில் விழவே கூடாது. தொடக்கநிலை மூன்று படிக்கிற பையனுக்கு இந்தப் பேச்சு பாதி புரியும், மீதியை அவன் பயத்தால் நிரப்பிக்கொள்வான்.

அப்புறம், கேட்டுவிடட்டுமா என்ற கேள்வி. "ஏன் செய்தாய்?" என்று கேட்கக் கூடாது. "நான் பார்த்துவிட்டேன்" என்று சொல்லலாம். நாலறை வீட்டில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் மற்றவளுக்கு மூன்றே நாளில் தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் அவர் குழம்புவதைவிட நீங்களே சொல்லிவிடுவது மேல். ஆனால் இந்த வாரம் வேண்டாம். உங்கள் கோபம் கொஞ்சம் அடங்கட்டும். அவர் வேலை முடிந்து களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்காதீர்கள். மகனும் பிள்ளைகளும் வெளியே போயிருக்கிற ஒரு சனிக்கிழமை காலை பாருங்கள். பேச்சு இவ்வளவு போதும்: "தம்பி ஊசிப் புத்தகத்தைத் தேடும்போது அந்த ரசீதைப் பார்த்துட்டேம்மா. ஏன் எதுக்குன்னு கேட்க மாட்டேன். பார்த்ததை உள்ள வெச்சுக்கிட்டு உன்கிட்ட சாதாரணமா இருக்க முடியல, அதான் சொல்றேன். உடம்பு இப்போ பரவாயில்லையா?"

அதோடு நிறுத்திவிடுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், என் ஃபைலை ஏன் எடுத்தீர்கள் என்று சண்டைக்கு வரலாம். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டாலும் பின்னாலேயே போகாதீர்கள். காரணத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். "என்னிடம் சொல்லியிருந்தால் நான் வளர்த்திருப்பேனே" என்று நாக்கு நுனி வரை வரும். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். கேட்பதற்குப் பாசமாக இருக்கும், அவருக்கு அது குற்றப்பத்திரிகை. "சரி, இன்னொன்று பெற்றுக்கொள்" என்பதும் அதே வகை.

கருக்கலைப்புக்குப் பிறகு பெரும்பாலான பெண்களுக்கு ஒரு நிம்மதி வரும், சிலருக்கு நிம்மதியும் துக்கமும் சேர்ந்தே வரும். அது இயல்பு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பிள்ளைகளைக்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று நீங்கள் கவனித்தால், குடும்ப மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ இருந்தால் அன்றைக்கே. வீட்டில் முழுநேரமும் இருப்பவர் நீங்கள், உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை மறந்துவிடாதீர்கள். உங்கள் மருமகள் வேண்டுமென்றே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இப்போது ஒரு வீடு தாண்டிப் போயிருக்கிறது. அவளைத் தனியாகப் பார்த்து, "அன்றைக்குக் காட்டினது என் தப்பு, உன் அம்மாவிடம்கூடப் பேசாதே" என்று சொல்லிவிடுங்கள். தாதி என்பதால் அவளுக்கு இது புரியும். மருமகளிடம் பேசும்போது இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பிறகு லிஃப்டில் வைத்து அவராகத் தெரிந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும், மருமகளைப் பற்றி இல்லை, அந்த 82ஆம் வருஷத்தைப் பற்றி. ஈசூனிலேயே குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. போன் செய்து தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்குங்கள். முட்டி வலி இருந்தால் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்த ரசீதை இன்றைக்கே எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள்.